செலரிப் பாத்தியை எண்ணும் மாதம்

பென்சில்வேனியா மாநிலம், லாங்காஸ்டர் கவுண்டி. செப்டம்பர் வந்துவிட்டால், ஆமிஷ் என்னும் கிறிஸ்தவச் சமூகத்தாரின் வீட்டுத் தோட்டங்களில் பக்கத்து வீட்டுக்காரர்களின் கண் முதலில் போவது, செலரி என்னும் தண்டுக் காய்கறியின் பாத்திக்குத்தான். ஒன்றிரண்டு வரிசை என்றால் வீட்டுச் சமையலுக்கு என்று விட்டுவிடலாம். பாத்தி முழுக்கச் செலரி நின்று, அந்த வீட்டில் இருபது, இருபத்தொரு வயதில் ஒரு பெண்ணும் இருந்துவிட்டால், கதை வேறு.

ஆமிஷ் கல்யாணப் பந்தியில் செலரி இல்லாமல் இருக்காது. புளிப்பும் இனிப்புமான வெண்ணிறக் குழம்பில் வேகவைத்து ஒரு பதார்த்தம். இலையோடு கூடிய பச்சைத் தண்டுகளைக் கண்ணாடி ஜாடிகளில் நிறுத்தி மேஜைக்கு மேஜை அலங்காரம். பூ வைக்கும் வழக்கம் இல்லாத கல்யாணத்தில் அந்தத் தண்டுதான் பூ. முந்நூறு, நானூறு பேருக்கு இதெல்லாம் வேண்டுமென்றால் கோடையிலேயே நட்டாக வேண்டும். ஆனால் நிச்சயமான செய்தியை, அக்டோபர் கடைசியில் சபையில் டீக்கன் என்னும் சபை ஊழியர் அறிவிக்கும்வரை வீட்டார் வெளியே விடுவதில்லை. பெண் வாயைத் திறக்க மாட்டாள், அம்மாவும் மாட்டாள். மறைத்து வைக்க முடியாதது செலரி மட்டும்தான்.

ஏன் பெரும்பாலான கல்யாணங்கள் இலையுதிர்காலத்தில்? சுருக்கமான பதில், அப்போதுதான் வயல் காலியாகிறது. அந்தப் பதிலுக்குள் ஒரு முரண் இருக்கிறது. இன்று லாங்காஸ்டர் ஆமிஷ் குடும்பங்களில் விவசாயத்தை நம்பிப் பிழைப்பவை பாதிகூட இல்லை. தச்சுப் பட்டறை, மரவீடு கட்டும் வேலை, வெல்டிங் கொட்டகை என்று பிழைப்பு மாறிவிட்டது. ஆனாலும் சபையும் கல்யாணமும் வயல் போட்டுக் கொடுத்த நாட்காட்டியில்தான் இன்னும் நடக்கின்றன.

யார் இவர்கள் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த பிறகு விரும்பிப் பெறும் ஞானஸ்நானமே செல்லும் என்று நம்பிய ஐரோப்பியக் கிறிஸ்தவர்களில், 1693இல் யாகோப் அம்மான் என்பவரின் தலைமையில் பிரிந்த கூட்டம். சுவிட்சர்லாந்து, அல்சாஸ், தென்ஜெர்மனிப் பகுதிகளிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். இன்று வட அமெரிக்கா முழுவதும் சுமார் 4 லட்சம் பேர். லாங்காஸ்டர் குடியிருப்பில் மட்டும் 40,000க்கு மேல். வீட்டில் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன். வெளியாட்கள் எல்லாரும் அவர்களுக்கு ‘இங்கிலீஷ்காரர்கள்’. நியூஜெர்சியிலிருந்து வார இறுதியில் காரோட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகும் தமிழரும் அந்தக் கணக்கில் இங்கிலீஷ்காரர்தான்.

சரி, வயலுக்கு வருவோம். செப்டம்பரின் பெரிய வேலை சைலோ நிரப்புவது. மக்காச்சோளத்தைக் கதிரும் தட்டையுமாகப் பச்சையாகவே வெட்டி, பொடிப்பொடியாக நறுக்கி, காற்றுப் புகாத உயரமான உருளைக் கோபுரத்துக்குள் அடைப்பார்கள். உள்ளே அது புளித்து, மாடுகளுக்குக் குளிர்காலம் முழுக்கத் தீவனமாகும். ஊறுகாய்ப் புல் என்று நம் கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். செடியில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு ஈரம் இருக்கும்போதே வெட்ட வேண்டும். காய்ந்துவிட்டால் அழுத்தி அடைக்க முடியாது, நடுவில் காற்று தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஈரம் மிஞ்சினால் சாறு கீழே வடிந்து வீணாகும். அந்தப் பதம் சில நாட்களுக்கு மேல் நிற்காது. அதனால் ஒரு குடும்பம் தனியாக இதைச் செய்ய முடியாது.

ஐந்தாறு பண்ணைகள் சேர்ந்து ஒரு வளையம். இன்று ஒருவர் பண்ணை, நாளை மறுநாள் அடுத்தவர் பண்ணை. கோவேறு கழுதைகள் இழுக்கும் கட்டு இயந்திரம் வரிசை வரிசையாகச் சோளத்தை அறுத்து, சணல் கயிற்றால் கட்டி, பக்கத்தில் தள்ளிக்கொண்டே போகும். பச்சைக் கட்டு நல்ல கனம். பையன்கள் குனிந்து தூக்கி வண்டியில் அடுக்குகிறார்கள். சோள இலையின் ஓரம் ரம்பம்போல் அறுக்கும், அதனால் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. வண்டி சைலோ அடிக்கு வந்ததும் கட்டுகளை நறுக்கும் இயந்திரத்துக்குள் ஊட்டுகிறார்கள். அதை ஓட்டுவது ஒரு டீசல் இன்ஜின், அல்லது பெல்ட் மாட்டிய பழைய டிராக்டர். நறுக்கியது குழாய் வழியாக மேலே பறந்து கோபுரத்துக்குள் கொட்டுகிறது. மதியம் பத்துப் பதினைந்து பேருக்கு அந்த வீட்டில் சாப்பாடு. கூலி கிடையாது. யார் எத்தனை மணிநேரம் உழைத்தார்கள் என்பது மட்டும் எல்லார் மனதிலும் இருக்கும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நிரப்பிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் புளிக்கும் தீவனத்திலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு கிளம்பும். மஞ்சளும் பழுப்புமாகத் தரையோடு தங்கும் விஷவாயு. அந்த நாட்களில் விவரம் தெரிந்தவர்கள் சைலோ பக்கம் பிள்ளைகளை அண்டவிட மாட்டார்கள்.

டிராக்டர் இருக்கிறதே, அதை ஏன் வயலில் ஓட்டக்கூடாது? வருகிற எல்லாருமே கேட்கும் கேள்வி இது. களஞ்சியத்துப் பக்கம் நின்ற இடத்தில் இன்ஜினாக டிராக்டரைப் பயன்படுத்தலாம், வயலில் இழுப்பது விலங்குதான் என்பது லாங்காஸ்டர் சபைகளின் ஏற்பாடு. வைக்கோல் கட்டும் இயந்திரமும் மக்காச்சோளக் கதிர் பறிக்கும் இயந்திரமும் உண்டு. அவற்றின்மேல் பெட்ரோல் இன்ஜின்கூடப் பொருத்தியிருக்கும், ஆனால் முன்னால் கழுதைகள், கீழே இரும்புச் சக்கரம். தானே நகரும் கம்பைன் அறுவடை இயந்திரம் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் கோணல்மாணலான சட்டம்தான். ஆனால் இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. தானாக நகரும் இயந்திரம் ஒரு பண்ணைக்குள் வந்தால் பக்கத்து வீட்டுப் பையன்கள் வர வேண்டியதில்லை. பெரிய நிலம் தேவைப்படும், பெரிய கடன் தேவைப்படும். நாளைக்கு டயர் போட்டால் அது சாலைக்கும் வரும். தடை இயந்திரத்தின்மேல் போட்ட மாதிரி தெரிந்தாலும், சைலோ வளையத்தைக் காப்பாற்றத்தான் போட்டது என்பது என் கணிப்பு.

அக்டோபர் பாதியில் உறைபனி விழ ஆரம்பிக்கும். நின்று காய்ந்த சோளத்தைப் பறிக்கும் காலம் அது. கதிர்கள் இடைவெளி விட்ட மரச்சட்டங்களால் ஆன குறுகலான களஞ்சியத்துக்குள் போகும். காற்று குறுக்கே புகுந்து பனிக்காலம் முழுக்க உலர்த்தும். உலர்த்தும் இயந்திரம் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

புகையிலை பற்றியும் ஒரு வார்த்தை. இத்தனை பக்திமான்கள் புகையிலையா என்று கேட்பீர்கள். பல தலைமுறையாகப் பயிரிட்டவர்கள்தான். சுருட்டுக்குள் வைக்கும் இலைக்கு லாங்காஸ்டர் பெயர் பெற்றது. சிறு நிலத்தில் பிள்ளைகள் கையை வைத்தே நல்ல காசு பார்க்க முடிந்த பயிர். கோடைக் கடைசியில் செடியோடு வெட்டி, குச்சியில் கோத்து, கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். கொட்டகைச் சுவரில் செங்குத்தாகத் திறந்து மூடும் பலகைகள். வறண்ட காற்றடித்தால் திறப்பு, மழை வந்தால் மூடல். இலையைக் கீழே இறக்க மட்டும் ஈரமான நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். காய்ந்த நாளில் தொட்டால் அப்பளம்போல நொறுங்கிவிடும். வேறெந்த விவசாயியும் நவம்பர் மூடுபனிக்கு இப்படிக் காத்துக் கிடந்து நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்குள் அதே வாரங்களில் வேறொரு தொழிற்சாலை ஓடுகிறது. தக்காளி, பீச், பீன்ஸ், பீட்ரூட், கடைசியாக ஆப்பிள். ஒரு குடும்பம் நிரப்பும் கண்ணாடி ஜாடிகளின் எண்ணிக்கை சில நூறைத் தொடும். ஆப்பிளைத் தோல் சீவிக் கீற்றாக்கினால் அது ‘ஷ்நிட்ஸ்’. ஞாயிறு சபைச் சாப்பாட்டில் வரும் பை பலகாரத்துக்குள் இருப்பது காயவைத்த அந்தக் கீற்றுதான். ‘லாட்வரிக்’ என்னும் ஆப்பிள் வெண்ணெயில் வெண்ணெய் ஒரு துளியும் கிடையாது. செப்புக் கொப்பரையில் ஆப்பிள் சாற்றைப் பாதியாக வற்றவைத்து, கீற்றுகளைப் போட்டு, நாள் முழுக்கக் கிளற வேண்டும். கைபிடிக்கு எட்டடி நீளம் இருக்கும் மரத்துடுப்பு, கிளறுபவர் நெருப்பிலிருந்து தள்ளி நிற்பதற்காக. கையை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். அதனால் இதையும் தனியாக யாரும் செய்வதில்லை. அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று முறை வைத்துக் கிளறுவார்கள். யார் வீட்டில் செலரி அதிகம் என்ற ஆராய்ச்சியும் அந்தக் கொப்பரையைச் சுற்றித்தான் நடக்கும் என்று நம்பலாம்.

பிள்ளைகள் ஆகஸ்ட் கடைசியிலேயே ஒற்றை அறைப் பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிகிறது. அந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1965 நவம்பர் 19 அன்று, அயோவா மாநிலத்து பியூகானன் கவுண்டியில், சான்றிதழ் பெற்ற ஆசிரியர் இல்லாத ஆமிஷ் பள்ளியிலிருந்து பிள்ளைகளை நகரப் பள்ளிக்குக் கொண்டுபோக அதிகாரிகள் பஸ்ஸோடு வந்தார்கள். பிள்ளைகள் வேலியைத் தாண்டிப் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் ஓடினார்கள். கறுப்பு உடையில் முதுகு காட்டி ஓடும் அந்தப் புகைப்படம் நாடு முழுக்கப் போனது. அப்புறம் விஸ்கான்சினில் ஆமிஷ் சபையையும் அதன் உறவுச் சபையான மென்னோனைட் சபையையும் சேர்ந்த மூன்று தந்தையருக்கு, எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்பாததற்காக ஆளுக்கு 5 டாலர் அபராதம். அந்த 5 டாலர் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1972 மே 15 அன்று அவர்கள் பக்கம் தீர்ந்தது. அதனால்தான் லாங்காஸ்டரில் இன்று 14 வயதுப் பையன் சோளக் கட்டைத் தூக்குகிறான். பென்சில்வேனியா ஏற்பாட்டின்படி அவன் வாரத்துக்கு மூன்று மணிநேரம் வகுப்பில் உட்கார்ந்து, வீட்டு வேலையை நாட்குறிப்பாக எழுதிக் காட்டினால் போதும்.

இனி சபை. ஆமிஷ்காரர்களுக்குக் கோவில் கட்டடம் கிடையாது. இருபது முதல் நாற்பது குடும்பம் வரை ஒரு சபை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள், பெஞ்சுகள் ஒரு வண்டியில் வீடு வீடாகச் சுற்றும். கோடை முழுக்க இளைஞர்கள் ஞானஸ்நானத்துக்குப் பாடம் கேட்டிருப்பார்கள். இலையுதிர்காலத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது முடிந்தால்தான் கல்யாணம், ஏனென்றால் சபை உறுப்பினர் ஆகாதவருக்கு ஆமிஷ் கல்யாணம் இல்லை.

அப்புறம் ஆலோசனைக் கூட்டம். வருடத்தில் வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று. எது கூடும் எது கூடாது என்ற எழுதாச் சட்டத்தை, ‘ஓர்ட்னுங்’ என்பார்கள், பிஷப் எடுத்துச் சொல்ல, ஒவ்வொருவரும் தனக்கு இதில் இணக்கம்தானா, சபையோடு சமாதானமாக இருக்கிறேனா என்று சொல்ல வேண்டும். சண்டை இருந்தால் தீர்க்க வேண்டும். தீரவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து வரும் இராப்போஜனமே, அதாவது ரொட்டியும் திராட்சரசமும் பகிரும் சடங்கே, தள்ளிப் போகலாம். பேட்டரியா, செல்போனா, மின்சைக்கிளா என்ற வருடத்து இழுபறிகள் எல்லாம் இங்கே வந்து நிற்கின்றன. 1960களின் கடைசியில் பால் கம்பெனிகள் கேனை எடுக்க மாட்டோம், பெரிய குளிர்தொட்டி வைத்தால்தான் பால் வாங்குவோம் என்றபோது லாங்காஸ்டர் பிஷப்புகள் ஒரு பேரத்துக்கு வந்தார்கள். தொட்டி சரி. ஆனால் டீசலில் குளிரட்டும், 12 வோல்ட் பேட்டரியில் உள்ளே பாலைக் கிளறட்டும், ஞாயிற்றுக்கிழமை லாரி வரக்கூடாது. கம்பெனிகள் ஒத்துக்கொண்டன.

அக்டோபர் 11, புனித மிக்கேல் நாள். லாங்காஸ்டர் ஆமிஷுக்கு இராப்போஜனத்துக்கு முந்தைய உபவாச நாள். கடை, பட்டறை எதுவும் திறக்காது. விவரம் தெரியாத இங்கிலீஷ்காரர்கள் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்புவார்கள். இராப்போஜன ஞாயிறு காலையில் ஆரம்பித்து மாலைவரை இழுக்கும். பழைய ஏற்பாட்டுக் கதைகளிலிருந்து தொடங்கி இயேசுவின் பாடுகளின் கதையில் முடியும் பிரசங்கம், கடைசியில் இரண்டிரண்டு பேராக ஒருவர் காலை ஒருவர் கழுவுவது. சபைக்குப் புதுப் போதகர் வேண்டுமென்றால் தேர்வு பெரும்பாலும் இதையொட்டித்தான். ஓட்டு வாங்கியவர்கள் முன்னால் ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம். ஒன்றுக்குள் மட்டும் வேத வசனம் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். அந்தப் புத்தகத்தை எடுத்தவர் சாகும்வரை போதகர். சம்பளம் இல்லை, பயிற்சியும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் முடியாது. காகிதம் வந்த வீட்டில் அன்று வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள், அழுகைதான் கேட்கும்.

அதற்குப் பிறகுதான் டீக்கன் எழுந்து யார் யாருக்குக் கல்யாணம் என்று அறிவிக்கிறார். பழைய வழக்கப்படி பெண் அன்று சபைக்கு வர மாட்டாள். வீட்டில் இரண்டு பேருக்குச் சமைத்துக்கொண்டிருப்பாள். அறிவிப்பு வாயிலிருந்து வந்ததும் பையன் எழுந்து வெளியே போய், குதிரையைப் பூட்டி, அவள் வீட்டுக்கு வண்டியை விடுவான். அன்றிலிருந்து கல்யாணம்வரை அவனுக்கு அங்கேதான் வேலை. அழைப்பிதழ் அச்சடிக்கிற கதையெல்லாம் குறைவு. நேரில் போய்க் கூப்பிட வேண்டும்.

முகூர்த்தம் செவ்வாய், வியாழன். ஜோதிடம் எதுவும் இல்லை, சமையற்கட்டுக் கணக்கு. ஞாயிறு வேலை செய்யக்கூடாது. செவ்வாய் என்றால் திங்கள் முழுக்க ஏற்பாடு, புதன் முழுக்கக் கழுவித் துடைப்பது. வியாழன் என்றால் புதனும் வெள்ளியும். காலை எட்டரைக்குத் தொடங்கும் ஆராதனை மூன்று மணிநேரத்துக்கு மேல் போகும். மோதிரம் இல்லை, முத்தம் இல்லை. மணப்பெண்ணின் உடை பெரும்பாலும் நீலம், தானே தைத்தது. அன்று கட்டும் வெள்ளை மேலங்கியைப் பத்திரமாக எடுத்து வைப்பாள், சவப்பெட்டிக்குப் போகும்போது மறுபடி அதை உடுத்துவார்கள். ஆராதனை முடிந்த நிமிடம் பெஞ்சுகளைத் தாங்கிகளில் ஏற்றினால் பந்தி மேஜை. ரொட்டித் துண்டுகளோடு சேர்த்துப் பிசறிய கோழி, மசித்த உருளைக்கிழங்கு, அந்தச் செலரி, ஆப்பிள் கூழ், பை, டோனட். சமைப்பதும் பரிமாறுவதும் சொந்தக்காரத் தம்பதிகள். மாலைப் பந்திக்குக் கல்யாணமாகாத பையன்கள் பெண்களை ஜோடி சேர்த்து உட்கார வைப்பது ஒரு வழக்கம். அடுத்த வருடச் செலரிக்கு விதை பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

நெருக்கடியும் இங்கேதான். இந்தச் சமூகத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய இருபது வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. நவம்பரில் செவ்வாயும் வியாழனும் சேர்த்து எட்டு ஒன்பது நாள்தான். ஒரே நாளில் இரண்டு மூன்று வீட்டு அழைப்பு கையில் இருக்கும், காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று வாடகை வேன் பிடித்து ஓடுகிறார்கள். கல்யாண காலம் அக்டோபருக்குள் முன்னால் வந்தது, டிசம்பருக்குள் பின்னால் போனது, இப்போது வசந்தத்திலும் சில நடக்கின்றன. நிலமோ ஏக்கர் 20,000 டாலரைத் தாண்டி விற்கிறது. ஐம்பது அறுபது ஏக்கர் பண்ணையை ஏழு பிள்ளைகளுக்குப் பிரிக்க முடியாது. மணமகன் கூரை வேலைக்காரன், மணமகள் சந்தைக் கடையில் ஊழியை. அறுவடை முடிந்ததா இல்லையா என்பது இருவருக்கும் ஒரு பொருட்டே இல்லை. மே மாதம் வைத்துக்கொண்டால் வெயிலாவது இருக்கும். ஆனாலும் நவம்பர்தான் பெருங்கூட்டம், ஏனென்றால் ஞானஸ்நானமும் ஆலோசனைக் கூட்டமும் இராப்போஜனமும் இலையுதிர்காலத்தில் நிற்கின்றன, கல்யாணம் அவற்றின் வாலில் கட்டியிருக்கிறது. அதனால் பட்டறை முதலாளிகள் வயல் இல்லாமலே வயல் விடுமுறை கொடுக்கிறார்கள். ஆமிஷ் ஆட்களை வைத்து வீடு கட்டுபவர் நவம்பர் செவ்வாய்களில் ஆணி அடிக்கும் சத்தத்தை எதிர்பார்க்கக் கூடாது.

இதற்கு நடுவே நவம்பர் முதல் ஞாயிறு நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் பின்னால் போகும். கோடை நேரத்தை ஏற்காமல் வருடம் முழுக்கப் பழைய நேரத்திலேயே இருக்கும் ஆமிஷ் குழுக்கள் சில உண்டு. அவர்களைப் பொறுத்தவரை அன்று உலகம்தான் அவர்கள் நேரத்துக்குத் திரும்பி வருகிறது. மற்றபடி ஐந்து மணிக்கே இருட்டிவிடும். சாம்பல் நிறக் கூரை போட்ட குதிரை வண்டி, பின்னால் ஒரு செம்மஞ்சள் முக்கோணம், பேட்டரி விளக்கு. பின்னால் வரும் காரோ ஐந்து மடங்கு வேகம். கல்யாண வீட்டிலிருந்து இரவு பத்து மணிக்குமேல் திரும்பும் வண்டிகளை நினைத்துப் பெரியவர்கள் பயப்படுவது இதற்குத்தான்.

செவ்வாய் கல்யாணம் என்றால் புதுத்தம்பதி முதல் இரவு பெண் வீட்டிலேயே. புதன் விடியுமுன் எழுந்து இருவரும் சேர்ந்து செய்யும் முதல் வேலை துணி துவைப்பது. உருளைக்குள் விட்டுப் பிழியும் பழைய மாதிரி வாஷிங் மெஷின், கரண்டுக்குப் பதில் சிறிய இன்ஜினோ அழுத்தக் காற்றோ. மேஜை விரிப்புகள் ஒவ்வொன்றாகப் பிழிபட்டு, களஞ்சியத்து உச்சியிலிருந்து வீடுவரை கப்பி போட்டு இழுக்கும் நீளக் கொடியில் ஏறுகின்றன. கீழே சோளக் களஞ்சியம் நிறைந்து கதிர்கள் சட்ட இடுக்குகளில் மஞ்சளாகத் தெரிகின்றன. வாசலில் நிற்கும் வாடகைச் சமையல் வண்டியில் அடுப்புகளையும் பாத்திரங்களையும் அண்ணன்கள் கழுவி அடுக்குகிறார்கள். மதியத்துக்குள் அது கிளம்பியாக வேண்டும், இரண்டு மைல் தள்ளி வியாழக்கிழமை வீட்டுக்கு.